சிறை சென்று மீண்டவனுக்கு வேலை கொடுக்கலாமா?



கோவில் வாசலிலுள்ள கேள்விப் பெட்டியில் சில வாரங்களுக்கு முன் ஒரு கடிதம் கிடந்தது. பெயர் போடவில்லை. ஒரு தாயார் எழுதியது என்பது மட்டும் தெரிகிறது. வழக்கமாக அந்தப் பெட்டியில் விழுபவை, தபசு காலத்து வெள்ளியன்று முட்டை சாப்பிடலாமா, வேற்று மதத்தார் வீட்டுக் கலியாணத்துக்குப் போகலாமா என்பன போன்ற கேள்விகள். அவற்றுக்குப் பத்து வரியில் பதில் எழுதிவிடலாம். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அதில் ஒரு வாரம், எழுத மனமில்லாமல் தட்டிக்கழித்த வாரம். அதன் காரணத்தைப் பின்னால் சொல்லுகிறேன்.

அந்த அம்மாள் ஒரு சிறு தொழில் நடத்துகிறார். நாலைந்து பேர் வேலை செய்கிறார்கள். நான்கு மாதத்துக்கு முன் ஒருவன் வந்து வேலை கேட்டான், சேர்த்துக்கொண்டார். நேரத்துக்கு வருகிறான், குடிப்பதில்லை, சாயங்காலம் ஒப்படைக்கும் கணக்கில் ஒரு ரூபாய் கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. இப்படியிருக்க, ஒரு நாள் கடைக்கு வந்த உறவினர் ஒருவர், "இவனையா வைத்திருக்கிறீர்கள்? இவன் களி தின்றவனாயிற்றே!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விசாரித்ததில் மெய்தான். முன்பு வேலை பார்த்த இடத்தில் முதலாளியின் பணத்தைக் கையாடி, தண்டனை பெற்று, இரண்டு வருஷம் சிறையிலிருந்து வந்தவன். "பண்டிகைக்குக் கொடுப்பதைக் கொடுத்து அதோடு அனுப்பிவிடுங்கள்" என்று பிள்ளைகள் சொல்லுகிறார்கள். தாயாருக்கு மனம் ஒப்பவில்லை; பயமும் போகவில்லை. "சுவாமி, அவனை வைத்துக்கொண்டால் நான் மூடத்தனம் செய்கிறேனா? அனுப்பினால் பாவம் செய்கிறேனா? அவன் என்னிடம் மறைத்தது பொய்தானே?" என்று கேட்கிறார்.

விவரங்களில் இரண்டொன்றை மாற்றித்தான் இங்கே தந்திருக்கிறேன். ஆகையால் எந்தக் கடை, எந்த அம்மாள் என்று கடைத்தெருவில் யாரும் கணக்குப் பார்க்க வேண்டாம். அப்படிப் பார்க்கத் தொடங்கியவர், கீழே நான் சொல்லப்போகும் கற்பனையை இப்போதே மீறத் தொடங்கிவிட்டார்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். கேளாத கேள்விக்குப் பதில் சொல்லாமலிருப்பது பொய்யாகாது. தன் பழைய அவமானத்தைத் தானே வாசலில் நின்று கூவ வேண்டுமென்று எந்த ஞானோபதேசமும் கற்பிக்கவில்லை. "முன்பு சிறையில் இருந்ததுண்டா?" என்று அந்த அம்மாள் நேராகக் கேட்டு, அவன் "இல்லை" என்று சொல்லியிருந்தால் அது பொய், பசியின் நிமித்தம் சொன்ன பொய்யானாலும் பொய்தான். அவர் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை. எனினும் ஒன்று உண்டு. பணத்தில் தவறினவன் கையில் மறுபடியும் பணம் ஒப்படைக்கப்பட்டபோது, அன்றைக்காவது அவன் வாய் திறந்திருந்தால் நன்றாயிருக்கும். இந்த இடத்தில் அவன் பக்கம் கொஞ்சம் இடறுகிறது. ஆனால் இதற்கு முன் எத்தனை வாசலில் உண்மையைச் சொல்லி, எத்தனை கதவு சாத்தப்பட்டு இங்கே வந்தானோ, அது நமக்குத் தெரியாது.

சர்க்கார் உத்தியோகம் வேறு விஷயம். அங்கே படிவத்திலேயே இந்தக் கேள்வி அச்சிட்டிருக்கிறது. மறைத்தால் வேலை போகும். 2016ல் சுப்ரீம் கோர்ட்டு அவதார் சிங் என்பவரின் வழக்கில், கேட்டால் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும் என்று உறுதிப்படுத்தியது. அதே சமயம் இளம் வயதில் செய்த சில்லறைக் குற்றங்களை எடைபோட்டுப் பார்த்துப் பெரிதுபடுத்தாமல் விடவும் இடமுண்டு என்றது. நம் பிள்ளைகளில் யாராவது ஊர்வலத்திலோ திருவிழாச் சண்டையிலோ வழக்கில் மாட்டியிருந்தால், பெற்றோர் அதை மறைக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். மறைப்பதுதான் பெரும்பாலும் வேலையைக் கெடுக்கிறது.

அடுத்து, கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போன அந்த உறவினர். கடிதம் எழுதினவர் இவரைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை, நானாகச் சொல்லுகிறேன். எட்டாம் கற்பனையில் இல்லாததைச் சொல்லுவது அபாண்டம், உள்ளதைத் தக்க காரணமின்றி வெளிப்படுத்துவது புறணி என்று சிறுவயதில் படித்தோம். "நான் பொய்யா சொன்னேன்? உள்ளதைத்தானே சொன்னேன்?" என்று சொல்லி, இரண்டாவதைப் பாவமாகவே நாம் எண்ணுவதில்லை. குருமடத்தில் எங்களுக்குக் கற்பித்த வாத்தியார் இதில் ஒரு நுட்பத்தைக் காட்டுவார். அபாண்டம் சொன்னவன் மனம் திரும்பினால், "நான் சொன்னது பொய்" என்று ஊரறியச் சொல்லி, கெடுத்த பெயரைத் திரும்பக் கொடுத்துவிடலாம். புறணி சொன்னவன் எதைச் சொல்லித் திரும்பக் கொடுப்பான்? அவன் சொன்னது மெய்யாயிற்றே! மெய்யைப் பொய்யென்று சொல்லவும் கூடாது. ஆகையால் அந்தக் கடன் தீர்ப்பதற்கு மகா கடினமானது. முதலாளிக்கு உண்மையான ஆபத்து இருந்து, அதைத் தடுக்க வேறு வழியில்லாமல் தனியே எச்சரித்திருந்தால் அது குற்றமல்ல. வாடிக்கைக்காரர் நாலுபேர் நிற்கும்போது வாசலில் நின்று சொன்னது எச்சரிக்கையா, வம்பா என்பதை அவரே தமது மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இந்தக் காலத்தில் அந்த உறவினர்கூட வேண்டியதில்லை. கைப்பேசியில் ஒருவன் பெயரைத் தட்டினால் பத்து வருஷத்துக்கு முந்திய பத்திரிகைச் செய்தி வந்து நிற்கிறது. கைதானது செய்தியாகிறது, விடுதலையானது பெரும்பாலும் செய்தியாவதில்லை. 2022ஆம் வருஷத்து மத்திய சர்க்கார் கணக்கின்படி, நம் தேசத்துச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர்; அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நாலில் மூன்று பேர் குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பாகாதவர்கள். ஜாமீன் கட்ட ஆளில்லாமல் உள்ளே கிடந்து, பிறகு நிரபராதி என்று வெளியே வருகிறவனையும் "களி தின்றவன்" என்கிற அதே சொல்லால்தான் அழைக்கிறோம்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். பாவசங்கீர்த்தனத்தில் குருவானவர் கொடுத்த அபராதத்தைத் தீர்த்து முடித்த ஒருவன், அடுத்த வாரம் மறுபடியும் வந்தால், "பழைய பாவத்துக்கு இன்னும் ஒரு ஐம்பத்துமூன்று மணிச் செபம் சொல்" என்று நான் கட்டளையிடலாமா? கூடாது. தீர்ந்தது தீர்ந்ததுதான். அவன் விஷயத்தில் நீதிபதி எழுதினது இரண்டு வருஷம். மூன்றாம் வருஷமும் நாலாம் வருஷமும் வேலையில்லாமல் அலைய வேண்டும், பெண் கொடுக்கிறவர்கள் பின்வாங்க வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இன்னான் மகன் என்று சுட்டிக் காட்ட வேண்டும் என்று எந்தத் தீர்ப்பிலும் எழுதவில்லை. அதை எழுதுகிறவர்கள் நாம்.

"அப்படியானால் வேலை கேட்டு வருகிற எவனுக்கும் வேலை கொடுக்க நான் கடமைப்பட்டவனா?" என்று கேட்பீர்கள். இல்லை. குறிப்பிட்ட ஒரு கடையில் குறிப்பிட்ட ஒரு வேலை தனக்கு வேண்டுமென்று நீதியின்படி உரிமை கொண்டாட யாராலும் முடியாது. வாசலில் நிற்கிறவனைச் சேர்த்துக்கொள்வது பரசிநேகத்தைச் சேர்ந்த காரியம். ஆனால் ஏற்கெனவே சேர்த்துக்கொண்டு, நாலு மாதம் ஒழுங்காக உழைத்தவனை, இங்கே அவன் ஒரு குற்றமும் செய்யாதிருக்க, வேறிடத்தில் செய்து தண்டனை தீர்ந்த குற்றத்துக்காக வெளியே தள்ளுவது பரசிநேகத்தை மட்டுமல்ல, நீதியையே தொடுகிறது. இந்த வித்தியாசத்தை அந்த அம்மாளின் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். "சேர்க்காமலே இருந்திருக்கலாம்" என்பது உண்மையாயிருக்கலாம். அதனால் "இப்போது அனுப்பிவிடலாம்" என்றாகிவிடாது.

பரசிநேகம்தானே என்று அதையும் லேசாகத் தள்ளிவிட வேண்டாம். கடைத்தெருவில் முப்பது கடை இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது பேரும், "நான்தானா அகப்பட்டேன்? வேறு யாராவது கொடுக்கட்டும்" என்கிறார்கள். தனித்தனியே விசாரித்தால் ஒருவர்மேலும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் முப்பது பேரும் சேர்ந்து ஒரு குடும்பத்தைப் பட்டினி போட்டுவிட்டார்கள். பசி தாங்காமல் அவன் மறுபடியும் கை நீட்டினால், "பார்த்தீர்களா, மாமியார் வீட்டுக்குப் போய்வந்தவன் திருந்தவா போகிறான்?" என்று முப்பது பேரும் தங்கள் விவேகத்தை மெச்சிக்கொள்வார்கள்.

இன்னொரு வேடிக்கையைப் பாருங்கள். புழல், வேலூர் முதலிய இடங்களில் சிறைத் துறையார் பெட்ரோல் பங்க் நடத்துகிறார்கள். தண்டனை அனுபவிக்கிற கைதிகளே அங்கு வண்டிகளுக்கு எண்ணெய் போடுகிறார்கள். 2023ல் புழலில் பெண் கைதிகளுக்கென்றே ஒன்று திறந்தார்கள். நம்மில் அநேகர் அங்கே வண்டியை நிறுத்தி, பணம் கொடுத்து, போய்க்கொண்டேயிருக்கிறோம். சிறைக்குள் இருக்கும்வரை அவன் கை நம்பத் தகுந்த கை. தண்டனை முடிந்து வெளியே வந்த மறுநாள் அதே கை, அதே பங்க் வேலை கேட்டு வேறொரு முதலாளியிடம் போனால், போலீஸ் சர்டிபிகேட் எங்கே என்கிறார்கள்.

சட்டம் கொஞ்சம் கை கொடுக்கிறது, கொஞ்சம் விட்டுவிடுகிறது. 1958ஆம் வருஷத்துக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின்படி, சிறைக்கு அனுப்பாமல் எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடப்பட்டவருக்கு, அந்தத் தண்டனைத் தீர்ப்பினால் வரக்கூடிய தகுதியிழப்பு வராது. சிறுவர்களுக்கு 2015ஆம் வருஷத்துச் சட்டமும், மிகக் கொடிய குற்றங்கள் சிலவற்றை விலக்கி, அப்படியே பாதுகாப்புக் கொடுக்கிறது. இங்கிலாந்தில் 1974 முதல் ஒரு சட்டம் உண்டு. குறிப்பிட்ட காலம் ஒழுங்காக நடந்துகொண்டால் பல பழைய தண்டனைகள் தீர்ந்துபோனவையாகக் கருதப்படும், அநேக வேலைகளுக்கு அவற்றைச் சொல்லவேண்டியதில்லை. சிறை சென்று திரும்பின பெரியவர்களுக்கு அப்படியொரு பொதுச் சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆகவே இங்கே அவனுக்குச் சட்டம் செய்யாததை அயலான் செய்தால்தான் உண்டு.

பெயர் கெட்டவன் எப்போதும் கெட்டவனே என்று சட்டமே சொன்ன காலமும் இருந்தது. 1871ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறந்த குழந்தையைக்கூட இன்ன ஜாதியில் பிறந்ததால் திருடன் என்று கணக்கில் சேர்த்தது. கைரேகை வைக்க மறுத்துப் பெருங்காமநல்லூரில் 1920ல் துப்பாக்கிக்குப் பலியானவர்களை மதுரைப் பக்கத்தார் இன்னும் மறக்கவில்லை. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947ல் ஒழிந்தது. சட்டம் ஒழிந்துவிட்டது, அதன் புத்தி நம்மைவிட்டுப் போயிற்றா என்பது வேறு.

இதையெல்லாம் சொன்னதால், பயப்படுகிற முதலாளியைப் பாவி என்று நான் சொல்லுவதாக எண்ண வேண்டாம். விவேகமும் ஒரு புண்ணியமே. தலையான புண்ணியங்கள் நான்கில் அதைத்தான் முதலில் வைத்து எண்ணுகிறோம். அர்ச். மரிய கொரற்றியின் சரித்திரம் உங்களுக்குத் தெரியும். 1902ல், பன்னிரண்டு வயதுகூட நிரம்பாத அந்தச் சிறுமியைக் குத்திக் கொன்றவன் அலெஸ்ஸாந்திரோ செரெனெல்லி. இருபத்தேழு வருஷம் சிறையிலிருந்து 1929ல் வெளியே வந்தான். பிறகு ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்தச் சிறுமியின் தாயார் அசுந்தாவிடம் போய் மன்னிப்புக் கேட்டான்; அந்தத் தாய் மன்னித்தாள்; இருவரும் ஒன்றாய்ப் பூசை கண்டு நன்மை வாங்கினார்கள். பிரசங்கங்களில் நாங்கள் இவ்வளவோடு நிறுத்திவிடுவோம். அதற்குப் பிறகு அந்த மனிதன் எங்கே சாப்பிட்டான், எங்கே படுத்தான் என்று சொல்லுவதில்லை. கப்புச்சின் சபைத் துறவிகள் அவனைத் தங்கள் மடத்தில் சேர்த்துத் தோட்ட வேலை கொடுத்தார்கள். 1970ல் சாகும்வரை அப்படித் துறவிகளின் நிழலிலேயே இருந்தான். தாய் கொடுத்தது மன்னிப்பு. மடம் கொடுத்தது மண்வெட்டி. இரண்டும் இல்லாமல் அவன் பிழைத்திருக்க மாட்டான். ஆனால் இதையும் கவனியுங்கள்: அவனுக்குக் கொடுத்தது துறவிகளின் தோட்டத்தில் வேலை, பெண்பிள்ளைகளின் அநாதை விடுதியில் அல்ல.

மன்னிப்பு வேறு, பாவ சமயத்தில் கொண்டுபோய் நிறுத்துவது வேறு. இதை நமது திருச்சபையே மறந்து செய்த பெரும் பிழையை நான் மறைக்கப்போவதில்லை. சிறுவர்களைக் கெடுத்த குருக்கள் சிலரை, மனஸ்தாபப்பட்டார்கள் என்று சொல்லி, மேலதிகாரிகள் ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு மாற்றி மறுபடியும் சிறுவர்கள் நடுவிலேயே வைத்தார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் மேற்றிராசனத்தில் நடந்தவை 2002ல் உலகறிய வெளிவந்தன. அங்கே மட்டும் நடந்ததென்று சொல்லவும் முடியாது. அது இரக்கமல்ல. அதன் விலையைக் கொடுத்தவர்கள் குழந்தைகள். குழந்தைகளுக்குத் தீங்கு செய்தவனுக்கு நான் ஒரு நாளும் பள்ளிக்கூடத்து வேலைக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். மரம் அறுக்கும் வேலைக்குச் செய்வேன். அவ்விதமே, குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒருவரைச் சாகடித்தவனுக்கு உடனே ஓட்டுநர் வேலை கொடுக்க வேண்டியதில்லை, பட்டறையில் கொடுக்கலாம். எந்தக் குற்றம், எந்த வேலை என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். "ஜெயிலுக்குப் போனவன்" என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதுதான் விவேகக் குறைவு.

இனி, நான் தட்டிக்கழித்த காரணம். இது இந்தப் பங்கில் நடந்ததல்ல. பல வருஷங்களுக்கு முன், வேறொரு பங்கில்.

வாய்க்கால் தகராறில் ஒருவரை வெட்டி, ஏழு வருஷம் சிறையில் இருந்துவிட்டு ஒரு வாலிபன் ஊருக்குத் திரும்பினான். அவன் தாயார் தினமும் முதற் பூசைக்கு வருகிறவர். அடுத்த பட்டணத்தில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, நன்னடத்தைக் கடிதம் ஒன்று கேட்டு இருவரும் என்னிடம் வந்தார்கள். எழுதிக் கொடுத்தேன். "இன்னார் இந்தப் பங்கில் ஞானஸ்நானம் பெற்றவர். இவருடைய தாயார் நல்ல நடத்தையுள்ளவர் என்று அறிவேன். விடுதலையான பின் இவர்மேல் எனக்குத் தெரிந்தவரை புகார் எதுவும் இல்லை." ஒரு வார்த்தை பொய்யில்லை. எழுதி முடித்து, நன்றாக எழுதினோம் என்று திருப்திப்பட்டதுகூட ஞாபகமிருக்கிறது.

இரண்டு நாள் கழித்துப் பட்டறை முதலாளி டெலிபோனில் கூப்பிட்டார். அவர் நம் வேதத்தைச் சேர்ந்தவரல்ல. மிகவும் மரியாதையாகப் பேசினார். "சாமி, கடுதாசி பார்த்தேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்க கோவில்ல ஒரு வேலை இருந்தா, இந்தத் தம்பிய நீங்க வெச்சுக்குவீங்களா?"

அந்தச் சமயத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இராக் காவலாள் தேடிக்கொண்டிருந்தோம். அந்த வாலிபனைப்பற்றி நான் நினைக்காமலிருந்தேன் என்று சொல்ல முடியாது. நினைத்தேன், ஜனங்கள் என்ன சொல்லுவார்களோ என்று ஒதுக்கிவைத்தேன். "அது வேற விஷயங்க" என்று இழுத்தேன். அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். "சரிங்க சாமி" என்று சொல்லி வைத்துவிட்டார். வேலை கிடைக்கவில்லை. கொஞ்ச நாளில் அந்த வாலிபன் கேரளத்துக்குக் கொத்து வேலைக்குப் போனான். அங்கே யாரும் ஒன்றும் கேட்பதில்லையாம். தாயார் வழக்கம்போல முதற் பூசைக்கு வந்தார். அதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த வருஷமும் மரத்தில் முதலில் காய்த்த முருங்கைக்காயை வழக்கம்போல் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். மாற்றலாகிப் போகும்வரை அவர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குக் கூச்சமாக இருந்தது.

அதற்குப் பின், அர்ச். சின்னப்பர் பிலேமோனுக்கு எழுதின நிருபத்தை வாசிக்கும்போதெல்லாம் என் கடிதம் நினைவுக்கு வருகிறது. அவர் எழுதின நிருபங்களில் அதுதான் மிகச் சிறியது, இருபத்தைந்தே வசனம். எஜமானைவிட்டு ஓடிப்போன ஒனேசிமுஸ் என்கிற அடிமையை மறுபடியும் ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிற சிபாரிசுக் கடிதம். எழுதுகிறவரோ விலங்கு பூண்ட கைதி! ஒனேசிமுஸ் என்ற பெயருக்குப் "பயனுள்ளவன்" என்று அர்த்தம்; முன்பு உனக்குப் பயனற்றிருந்தவன் இப்போது பயனுள்ளவனானான் என்று அந்தப் பெயரை வைத்தே வாதாடுகிறார். அதோடு நிற்கவில்லை. அவனால் உனக்கு நஷ்டமோ கடனோ இருந்தால் அதை என் கணக்கில் எழுதிக்கொள், நான் தீர்க்கிறேன் என்று தம் சொந்தக் கையால் எழுதிக் கொடுக்கிறார். என் கடிதத்தில் இல்லாமற்போனது அந்த ஒரு வரிதான். என் கடிதம் எனக்கு ஒன்றும் செலவு வைக்கவில்லை. ஆபத்தை முழுவதும் பட்டறைக்காரர் தலையில் வைத்துவிட்டு, தருமத்தை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

சின்னப்பருக்கு இது எங்கிருந்து தெரிந்தது? அவருக்கே ஒரு பழைய கணக்கு இருந்தது. அர்ச். முடியப்பரைக் கல்லெறிந்தவர்களின் அங்கிகளுக்குக் காவல் நின்ற சவுல் அல்லவா அவர்? மனந்திரும்பி ஜெருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் எல்லோரும் அவரைக் கண்டு பயந்தார்கள்; நம்பவில்லை. அந்தப் பயத்தை அப்போஸ்தலர் நடபடிகள் குற்றமாகச் சொல்லவில்லை. பயப்பட அவர்களுக்குக் காரணம் இருந்தது. அப்போது பர்னபாஸ் என்பவர் ஒருவர் சவுலைத் தம்மோடு கூட்டிக்கொண்டு அப்போஸ்தலர்களிடம் போனார். நாளை சவுல் ஏதாவது செய்திருந்தால் பர்னபாசின் பெயரும் சேர்ந்து கெட்டிருக்கும். அதற்குத் துணிந்த ஒருவர் இருந்ததால்தான் மற்றவர்களுடைய பயம் தெளிந்தது.

ஆகையால் அந்தத் தாயாருக்கு நான் சொல்லுவது: அவனை அனுப்ப வேண்டாம். பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்து, அவனைத் தனியே கூப்பிட்டு, உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்லுங்கள். நீங்களே கதையைச் சொல்லாமல், அவன் வாயால் சொல்ல விடுங்கள். நாலு மாதமாக இந்த நாளுக்குப் பயந்துகொண்டே வேலை செய்திருப்பான், அழுதாலும் அழுவான். அழுவதை வைத்தும் அழாததை வைத்தும் அவனை எடைபோடாதீர்கள். சாயங்காலக் கணக்கை இனி இருவர் சேர்ந்து எண்ணட்டும். அது அவனுக்கு மட்டும் வைத்த ஏற்பாடாக இல்லாமல், உங்கள் பிள்ளை பணப்பெட்டியில் உட்கார்ந்தாலும் அதே ஒழுங்காக இருக்கட்டும். அப்போதுதான் அது காவலாக இருக்கும், அவமானமாக இராது. அவன் இனி ஒருக்காலும் தவறமாட்டான் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. என்னைப்பற்றியே நான் அப்படி உறுதி சொல்ல முடியாது.

நஷ்டம் வந்தால் என்ன செய்வது என்று பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்வி. அதை அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையார் முன் வைத்தேன். இந்தப் பங்கில் சிறையிலிருந்து மீண்ட ஒருவருக்கு வேலை கொடுக்கும் எந்தக் குடும்பத்துக்கும், முதல் ஒரு வருஷத்தில் அவரால் பணநஷ்டம் ஏற்பட்டால், பத்தாயிரம் ரூபாய்வரை பாதியைச் சபையார் ஏற்பார்கள். மறுபாதியை என் பூசைக் காணிக்கையிலிருந்து நான் கொடுப்பேன். இரண்டு பேர் எதிர்த்துப் பேசினார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை. முடிவில் அவர்களும் கையொப்பமிட்டார்கள். அந்தக் காகிதம் சாமியார் பங்களாவில் இருக்கிறது.

பெட்டியில் பெயரில்லாமல் கடிதம் போட்ட அம்மாள், பெயரோடு வந்து அதை வாங்கிக்கொள்ளலாம். புதனும் வெள்ளியும் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் இருப்பேன். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர்களுக்கும் சேர்த்துக் காப்பி போடச் சொல்லிவைக்கிறேன்.

உங்கள் பங்குச் சுவாமியார்